இரண்டு இடக்கைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

வியாழக்கிழமை இரவு,
எங்கள் வீட்டுக் குளியலறை.

என் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சித்திக்கு,

எலிக்குட்டி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம். நானும் நலமாகத்தான் இருக்கிறேன். ஆனால் என் நலம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வரைதான் செல்லுபடியாகும். உங்கள் நலத்தை அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன், குறிப்பாகச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறும் அளவுக்கு நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று.

கடிதத்தில் விஷயத்துக்கு வருமுன் நாலு வரியாவது நலம் விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார். நாலு வரி ஆகிவிட்டது. சித்தி, நான் அம்மாவின் துணியை வெட்டிவிட்டேன்.

எந்தத் துணி என்று கேட்பீர்கள். அந்தத் துணிதான். பீரோவின் மேல் தட்டில், போர்வைகளுக்கு அடியில், பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருப்பாளே, வெளிர் நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் போட்ட மெல்லிய பருத்தித் துணி, மூன்று மீட்டர், கையில் எடுத்தால் எடையே தெரியாது, அதுதான். எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பாள், பிரிப்பாள், முகர்ந்து பார்ப்பாள், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டு, “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று மடித்து உள்ளே வைத்துவிடுவாள். என்னைப் பார்த்து விடும் பெருமூச்சு என் கணக்கு மதிப்பெண்ணை நினைத்து என்பது தெரிந்ததே. மற்றபடி அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் இஸ்திரிப் பிரிவு உங்களுக்குத் தெரியும். நாளெல்லாம் நீராவி, அதற்குள்ளே அந்தத் தடித்த சீருடை. கழுத்தெல்லாம் வேர்க்குரு. ராத்திரி சாப்பிடும்போதுகூட ஒரு கையால் சொறிந்துகொண்டே சாப்பிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். (ஒட்டுக்கேட்கவில்லை. கதவு அங்கே இருந்தது, நானும் அங்கே இருந்தேன்.)

“அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து என்னை முன்னாடி கவுன்ட்டருக்கு மாத்திட்டாங்க. சீருடை வேணாமாம், நம்ம துணியே போட்டுக்கலாமாம்” என்றாள் அம்மா.

“அப்ப அந்த நீலத் துணியை எடுத்துட வேண்டியதுதானே? இன்னும் எத்தனை நாள் பூட்டி வைக்கப் போற?” என்றார் அப்பா.

“ஆமா, போதும் வச்சது. ஞாயித்துக்கிழமை பீரோவைத் திறந்து எடுத்து, கீழ மாமாகிட்ட தைக்கக் கொடுத்துடறேன்.”

கீழ்வீட்டுத் தையல்கார மாமாவை நாங்கள் ‘நாளைக்கு மாமா’ என்று கூப்பிடுவதன் காரணம் உங்களுக்கே தெரியும். போன வருடம் பள்ளி திறக்குமுன் கொடுத்த என் பாவாடையை அவர் தைத்துக் கொடுத்தபோது அது முழங்காலுக்கு மேலே நின்றது. நான் நடுவில் வளர்ந்துவிட்டேன். அவரிடம் கொடுத்தால் இந்தக் கோடைக்கான துணி அடுத்த கோடையைக் கூடப் பார்க்காது. அதனால்தான், சித்தி, நானே ரகசியமாகத் தைத்து, ஞாயிற்றுக்கிழமை அம்மா பீரோவைத் திறக்கும்போது துணி இருந்த இடத்தில் கவுன் தொங்க வேண்டும், திங்கட்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் மகாராணி மாதிரி உட்கார வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு நல்ல நினைப்புதான். நினைப்போடு நின்றிருக்கலாம்.

நீங்கள் போன முறை மறந்துவிட்டுப் போன பேட்டர்ன் பாக்கெட், துணி வெட்டுவதற்கான கோடுகள் அச்சிட்ட தாள் வைத்தது, என் புத்தக அலமாரியில் இருந்தது. அட்டையில் ஓர் அம்மாள் தொப்பி போட்டுக்கொண்டு காற்றில் பறக்கிற கவுனோடு சிரிக்கிறாள். கீழே ‘கோடைக்கேற்ற இலகுவான கவுன். மிக எளிது. ஒரே மதியத்தில் முடிக்கலாம்’ என்று அச்சடித்திருக்கிறது. எந்த மதியம் என்று போடவில்லை. நான் திங்கள், செவ்வாய், புதன் மூன்று மதியங்களையும் முயன்று பார்த்துவிட்டேன்.

பீரோவைத் திறப்பது சிரமமாக இல்லை. அப்பா ஊருக்கெல்லாம் பூட்டு பழுது பார்ப்பதால் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பூட்டும் ஒழுங்காகப் பூட்டாது. தலைமுடிக் கிளிப்பே போதும். அளவெடுப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு போனால் அம்மா கண்டுபிடித்துவிடுவாளே. அதனால் திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது எதிரே போய் இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். என் விரல் என் கையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு, அதுதான் இடுப்பளவு என்று திட்டம். அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னடி இது? காய்ச்சலா?”

“இல்லம்மா, சும்மா.”

“சும்மாவா? கணக்குல ஃபெயிலா?”

“ஐயோ இல்லம்மா.”

“நீ இப்படிக் கட்டிப்பிடிச்சு ரெண்டு வருஷமாச்சு. என்னத்த உடைச்சே, உண்மையைச் சொல்லு.”

ஒன்றும் உடைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அப்போது அது உண்மை. கோடு என் கையில் நன்றாக விழுந்தது; அம்மாவின் முதுகிலும் நன்றாக விழுந்தது. ஊரார் துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் நூறடியில் கண்டுபிடிக்கிறவள் தன் முதுகை மட்டும் பார்க்கவில்லை, நல்ல வேளை. பிறகு நான் மறந்துபோய்க் குளித்துவிட்டேன். என் கையிலிருந்த இடுப்பளவு சோப்போடு போய்விட்டது. ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டேன்.

இப்போது பேட்டர்ன் தாளுக்கு வருகிறேன். சித்தி, இதை ஏன் நீங்கள் முன்பே சொல்லவில்லை? ஒரு தாளில் ஒரு கவுன் இருக்கும் என்றல்லவா நினைத்தேன்? அதை விரித்தால் எங்கள் கட்டில் அளவு வந்தது, அதில் பெரியவர் கவுன், குழந்தைச் சட்டை, ஆம்பளை பைஜாமா மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்து அளவுகள், புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு, புள்ளியும் வெட்டும் சேர்ந்த கோடு என்று சந்தைக்கடை மாதிரிக் கிடந்தன. முன்பக்கத்தைச் சரியாகவே பிரதி எடுத்தேன். பின்பக்கத்தை எடுக்கும்போது அக்குளுக்கு அருகே நாலு கோடுகள் சந்திக்கும் இடத்தில் என் பென்சில் வேறு ரூட்டில் ஏறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. வளைவு கொஞ்சம் தாராளமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். அம்மாவுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆகவே அந்தக் கவுன் முன்னாலிருந்து பார்த்தால் கவுன். பின்னாலிருந்து பார்த்தால் ஒற்றைக்கால் ஆம்பளையின் பைஜாமா.

வெட்டியது அதைவிடக் கேவலம். ‘துணியின் மடிப்பில் வைக்கவும்’ என்று தாளின் ஓர் ஓரத்தில் போட்டிருந்தது. துணியை இரண்டாக மடித்தால் ஒரு பக்கம் மடிப்பு, மறுபக்கம் திறப்பு. நான் திறப்பில் வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் சரக் சரக் என்று போனபோது ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, சித்தி. விரித்துப் பார்த்தால் முன்பக்கம் நடுவில் பிளந்து இரண்டு துண்டாக வந்தது. சரி, கைகளாவது சரியாக வரட்டும் என்று ஒவ்வொரு கையையும் தனித்தனியாக, அதே தாளை வைத்து, அதே பக்கமாக, மிகவும் கவனமாக வெட்டினேன். தையலுக்கென்று ஓரத்தில் துணி விட வேண்டுமாமே, அது பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி முடித்தபிறகுதான் பின்பக்கத்தைப் படித்தேன்.

மறுநாள் தைக்க உட்கார்ந்தேன். அம்மாவின் தையல் இயந்திரம் மேஜையாகி எத்தனையோ வருடமாகிறது. அதன் மேல் அப்பா பழைய சாவிகளை டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார். அதையெல்லாம் இறக்கி, எண்ணெய் விட்டு, ஊசியில் நூல் கோத்து மிதித்தால் துணி முன்னால் போகவில்லை, கீழே போனது. அவ்வளவு மெல்லிய துணியா, ஊசி அதை அப்படியே ஓட்டைக்குள் இழுத்து விழுங்கிவிட்டது. பிடித்து இழுத்தால் அடியில் நூல் குருவிக்கூடு கட்டியிருந்தது. ஊசி ஒன்று உடைந்தது. இன்னொன்று போட்டேன், அது ஜீன்ஸ் தைக்கிற கனத்த ஊசி போலிருக்கிறது, தைத்த இடமெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஓட்டை. அழுகை வந்தது. புதன்கிழமைதான் ஒருவழியாக ஓட ஆரம்பித்தது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் வலப்பக்கம் முழுவதையும் தைத்து முடித்தேன். வாழ்க்கையிலேயே நான் போட்ட முதல் நேர்த்தையல். சந்தோஷத்தில் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஜன்னல் திரையும் கூடவே எழுந்தது. காற்றில் வந்து மேலே விழுந்த திரையைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். இழுத்த இழுப்பில் திரை, கம்பி, கம்பியைத் தாங்கிய கொக்கி, கொக்கியோடு கொஞ்சம் சுவர் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன.

ஐந்து நிமிஷத்தில் நாளைக்கு மாமா கதவைத் தட்டினார்.

“என்னம்மா சத்தம்? கூரை விழுந்துடுச்சா?”

“ஒண்ணுமில்ல மாமா. படிச்சிட்டிருக்கேன்.”

“தலையில சுண்ணாம்போடயா படிக்கிறே?”

வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து மேஜையில் பரப்பினார். டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போல ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“யாருக்கும்மா இது?”

“அம்மாவுக்கு, மாமா.”

“அம்மாவுக்கு எத்தனை கை?”

“ரெண்டு.”

“ரெண்டும் இடது கையா?”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பின்பக்கத் துண்டை எடுத்தார், திருப்பினார், தலைகீழாகப் பிடித்தார், தன் காலோடு வைத்துப் பார்த்தார்.

“இது எனக்கா?” என்றார்.

“மாமா, எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க மாமா. ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

“பண்ணலாம், பண்ணலாம்.”

“எப்ப?”

“நாளைக்கு வா.”

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா, ப்ளீஸ்.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்? எனக்கு அதுவா வேலை?”

இன்று போனேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இதுதான் இன்றைய நிலவரம், சித்தி. திரையைப் பாதிதான் பிரிக்க முடிந்தது, மீதியைக் கத்தரித்துவிட்டேன். அதனால் கவுனில் கொஞ்சம் திரை இருக்கிறது, திரை கொஞ்சம் இல்லை. கொக்கி தானாக விழுந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், “இந்த வீட்டுல எதுதான் ஒழுங்கா நிக்குது” என்று சொல்லிவிட்டுச் சாவி ராவப் போய்விட்டார். துண்டுகளையெல்லாம் என் தலையணை உறைக்குள் திணித்து அதன்மேல்தான் படுக்கிறேன். தூக்கம் வருவதில்லை. நேற்றுக் காலை அம்மா எல்லார் தலையணை உறையையும் துவைக்கக் கழற்றினாள். என்னுடையதை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது இன்னும் அழுக்காகலை” என்று போய்விட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அம்மா அடிப்பாள் என்றா பயப்படுகிறேன் என்று நினைப்பீர்கள். அடித்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவைத் திறப்பாள், கையை உள்ளே விடுவாள், வெறும் தலையணை உறை வரும். நான் எல்லாவற்றையும் சொல்லுவேன். அவள் கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு, “பரவால்ல, விடு” என்பாள். அவ்வளவுதான். நான்காம் வகுப்பில் அவள் கைக்கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டேனே, அப்போதும் அப்படித்தான் சொன்னாள். இன்றுவரை வேறு கடிகாரம் வாங்கிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை பழைய பழுப்பு உடையைப் போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் போய் உட்காருவாள், வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். அந்த “பரவால்ல, விடு” மட்டும் என் காதில் விழக்கூடாது, சித்தி.

எனவே உங்களை இரண்டு காரியங்கள் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இதே துணியில் மூன்று மீட்டர் எங்கிருந்தாவது வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வர வேண்டும். மாதிரிக்கு ஒரு துண்டு இணைத்திருக்கிறேன். அது இடுப்பின் ஒரு பகுதி, பத்திரம். நீங்கள் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நானூறு கை தைக்கிறவர், உங்களுக்கு ஒரு கவுன் எம்மாத்திரம்? இரண்டு, துணி கிடைக்காவிட்டால், வெட்டியது நீங்கள்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். போன முறை வந்தபோது ஆசையில் வெட்டிப் பார்த்ததாகச் சொல்லலாம். என்னிடம் என்றால்தான் அவள் “பரவால்ல” என்பாள். நீங்கள் தங்கை, உங்களிடம் வாய்விட்டுச் சண்டை போடுவாள். கத்தித் தீர்த்துவிட்டால் அவளுக்கு மனசு ஆறிவிடும். உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் சின்ன வயதிலிருந்தே வாங்கிப் பழகியிருப்பீர்கள் அல்லவா?

அப்பா கதவைத் தட்டிவிட்டார். “உள்ளே என்ன, குடியேறிட்டியா?” என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப் போய்விட்டது, கண்ணும் சொக்குகிறது. விடிந்ததும் உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன், நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். எல்லாரும் எல்லா நலமும் பெற வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினால் போதும்.

பெயருக்கேற்றபடி கடைசியில் துணியைக் கடித்தே விட்ட,
உங்கள் எலிக்குட்டி

பின்குறிப்பு: படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். சிறு சிறு துண்டாக. அது எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கேட்கவும்.

இன்னொரு பின்குறிப்பு: தங்கச்சி, இது நான். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். வாளி மேல உட்கார்ந்தபடியே சுவத்துல சாஞ்சு தூங்கிட்டா, பேனா மூடி திறந்தே இருக்கு. அவ அப்பா தாழ்ப்பாளை வெளியிலேர்ந்தே திறந்தாரு. இந்த வீட்டுத் தாழ்ப்பாள் உனக்குத் தெரியுமே. தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சோம்.

நீ துணி வாங்க அலைய வேணாம். கீழ்வீட்டு மாமா புதன்கிழமை சாயங்காலமே நான் வேலையிலேர்ந்து வர்ற வழியில பிடிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் நாளைக்குன்னு தள்ளிப் போடாம செஞ்ச ஒரே வேலை அதுதான். அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். முதுகுல பேனாக்கோடு, துடைப்பத்துல நீல நூல், தலையணைக்குள்ள ஒரு பைஜாமா. இதெல்லாம் தெரியலைன்னா நான் என்ன சலவைக்காரி? தானா வந்து சொல்லட்டும்னு காத்திருந்தேன். பக்கத்துலயே இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை இல்ல, உனக்கு இத்தனை பக்கம்.

நீ படிக்கும்போதே சிரிச்சிருப்ப. அந்தத் துணி எனக்கா எடுத்தது? அவ ஆறாவது போனப்ப நீயும் நானும் கடை கடையா ஏறி இறங்கி அவளுக்குன்னு எடுத்தது. வளர்ற பொண்ணு, இப்பத் தைச்சா ஆறு மாசத்துல பத்தாதேன்னு ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துட்டு உள்ள வச்சேன். இப்பத்தான் வளர்த்தி கொஞ்சம் நின்னிருக்கு, கவுன்ட்டருக்குப் போனா நானும் சீக்கிரம் வந்துடுவேன், புதுசு போட்டு எங்கயாவது கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தன் துணியைத் தானே வெட்டிட்டு என்னை நெனச்சு அழுதுக்கிட்டிருக்கா.

எல்லாத் துண்டையும் பிரிச்சுப் பார்த்தேன். கவுன் வராது. இடுப்பு வரைக்கும் ஒரு சட்டை வரும், கை வராது. வெயிலுக்கு அதுவே நல்லது. நீ அவசியம் வா. மெல்லிசு துணிக்கான ஊசி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா. கடிதத்தைக் கிழிக்காதே, பத்திரமா வை. நாளைக்கு அவ பொண்ணு கத்தரிக்கோலை எடுக்கிற அன்னிக்குப் படிச்சுக் காட்டணும்.

விடிஞ்சதும் அவளுக்கு அளவு எடுக்கணும். டேப் இயந்திரத்தோட இழுப்பறையிலதான் இருக்கு. இருக்கட்டும், அவ எடுத்த மாதிரியே எடுத்துக்கறேன்.